பின்னிரவு மூக்கை நம்பாதீர்கள்: மூக்கின் நேரத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி

குடவாசல் பக்கம் ஒரு கல்யாணம். 300 பேர் சாப்பாடு. பின்னிரவு 3 மணிக்குக் கோட்டையடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியில் எடுத்து முகர்ந்தேன். பெருங்காயம் போட்ட சுவடே தெரியவில்லை. வழக்கமான 25 கிராமோடு கையால் இன்னும் கொஞ்சம் பொரித்துக் கொட்டினேன். அப்போதும் திருப்தி இல்லை, மறுபடியும் கொஞ்சம். விடிந்ததும் உக்கிராண அறையிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். பையன்கள் சாதத்தில் கலந்து பந்திக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் பெண்ணின் தாய்மாமன் என்னைத் தேடி வந்தார். "மாஸ்டர், பெருங்காய டப்பாவை அப்படியே கவுத்துட்டீங்களா?" அடுத்த பந்திக்குப் போக இருந்த இலையில் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். கஷாயம்.

31 வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். வயதாகிவிட்டது, மூக்கு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். என் அக்கா மகள் கும்பகோணத்தில் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் புலம்பியபோது சிரித்தாள். "மாமா, உங்க மூக்குல தப்பு இல்ல. நீங்க கேட்ட நேரத்துலதான் தப்பு."

மூக்கின் உச்சியில், உள்பக்கமாக, மணம் அறியும் நரம்பு செல்கள் ஒரு சின்னத் திட்டாக இருக்கின்றன. உடம்புக் கடிகாரம் மூளைக்குள் மட்டும் இல்லையாம், உடம்பின் பல பாகங்களில் செல்லுக்குச் செல் தனியாக ஓடுகிறதாம். செல்லுக்குள் ஒரு புரதம் சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் அதுவே தன் உற்பத்தியை நிறுத்திவிடும், கரைந்து குறையும், மறுபடி சேர ஆரம்பிக்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பால் பொங்கி வரும்போது விறகை இழுத்து, தணிந்ததும் மறுபடி தள்ளுகிறோமே, அந்த மாதிரி. பழ ஈயில் இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2017இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஈயின் உணர்கொம்பில் இருக்கும் மணநரம்புகள் இரவில் கூர்மையாகவும் பகலில் மந்தமாகவும் வேலை செய்கின்றன என்று 1999இல் காட்டினார்கள். கடிகார மரபணு கெட்டுப்போன ஈக்களில் அந்த ஏற்ற இறக்கமே இல்லை.

சரி, ஈ ராத்திரி நன்றாக மோப்பம் பிடித்தால் எனக்கென்ன? மனிதனுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தார் பதின்வயதுப் பிள்ளைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மணம் அறியும் கூர்மை சராசரியாக இரவு 9 மணி வாக்கில் உச்சத்தில் இருந்தது. பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 10 மணி வரைக்கும் யாருக்குமே உச்சம் வரவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம். அதனால்தான் உங்கள் மூக்கை நீங்களே அளந்துகொள்ள வேண்டும். நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

கடையில் பன்னீர் ஒரு பாட்டில் வாங்குங்கள். பெருங்காயத்தில் செய்யலாமே என்று நானும் நினைத்தேன். அது தண்ணீரில் கலங்கும், கண்ணுக்கே தெரிந்துவிடும். பன்னீருக்கு நிறம் இல்லை, தண்ணீரோடு ஒன்றாகக் கலக்கும். ஒரே மாதிரியான சின்னக் கண்ணாடி பாட்டில்கள் 12, மூடியோடு. பிளாஸ்டிக் வேண்டாம், வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சி ஆறிய தண்ணீர் வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கும், அதனால் நான் கேன் தண்ணீர் எடுத்துக்கொண்டேன்.

முதல் பாட்டிலில் 100 மில்லி பன்னீர். அதிலிருந்து 50 மில்லியை இரண்டாவதில் ஊற்றி, 50 மில்லி தண்ணீர் சேர்த்துக் குலுக்குங்கள். அதிலிருந்து 50 மில்லி மூன்றாவதற்கு, மறுபடி 50 மில்லி தண்ணீர். இப்படியே பத்தாவது வரை போனால், பத்தாவதில் 512இல் ஒரு பங்குதான் பன்னீர். அதில் மிஞ்சும் 50 மில்லியைக் கொட்டிவிடுங்கள், எல்லாவற்றிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். எண்ணை அடியில் எழுதுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். மீதி இரண்டு பாட்டிலில் வெறும் தண்ணீர். பத்தாவதும் உங்களுக்குச் சுலபமாகத் தெரிந்தால் 14 வரை இறக்கிக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். எனக்கு என் சம்சாரம். நான் கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்வேன். அவள் பத்தாம் பாட்டிலையும் வெறும் தண்ணீர் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து ஒவ்வொன்றாக மூக்கருகில் காட்டுவாள். எதில் மணம் என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தப்பானால் ஒன்பதாவது, அப்புறம் எட்டாவது. சரியானால் அதே பாட்டிலை இடம் மாற்றி மறுபடி காட்ட வேண்டும். குத்துமதிப்பாகச் சொல்லி ஒரு தடவை தப்பிக்க மூன்றில் ஒரு வாய்ப்பு, தொடர்ந்து இரண்டு தடவை என்றால் ஒன்பதில் ஒன்று. அதனால் இரண்டு தடவை சரியாகச் சொன்ன எண்ணைத்தான் நோட்டில் எழுத வேண்டும். எண் பெரிதாக இருந்தால் மூக்கு கூர்மை. ஒரு மோப்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடம் விடுங்கள், இல்லாவிட்டால் மூக்கு பழகிப்போகும்.

காலை 6, 10, மத்தியானம் 2, மாலை 6, இரவு 9. ஒரு வாரம். நான் மூன்று நாள் அலாரம் வைத்து பின்னிரவு 3 மணிக்கும் எழுந்தேன். அந்த மூன்று நாளும் அவள் என்னிடம் பேசவில்லை, பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

கெட்டுப்போகும் இடங்கள் நிறைய. வெள்ளிக்கிழமை என் கணக்கு முழுக்க வீண், அவள் தலையில் மல்லிகைப்பூ. வாசல் மல்லிச்செடியும் மாலையில்தான் மலரும், அதனால் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து செய்யுங்கள். ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, வெற்றிலை, சோப்பு எதுவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் சூடு. பங்குனி வெயிலில் மத்தியானம் பாட்டில் சூடேறினால் மணம் தானாகவே அதிகம் எழும். மூக்கு கூர்மையாகிவிட்டது என்று ஏமாந்துபோவோம். பாட்டில்களை மண்பானைத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வைத்துவிட்டு எடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை புதிதாகக் கலக்குங்கள். சளி பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். சாதாரணமாகவே ஒரு மூக்குத் துவாரம் அடைத்து மற்றது திறந்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் சரம் பார்ப்பது என்று சொன்னது அதைத்தான். ஆகவே ஒற்றை மூக்கால் முகராதீர்கள்.

வார முடிவில் ஒவ்வொரு நேரத்துக்கும் கிடைத்த எண்களைச் சின்னதிலிருந்து பெரிதாக எழுதி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரவு 9 மணிக்கு 8. மத்தியானம் 6. பின்னிரவு 3 மணிக்கு 4. ஒரு எண் குறைந்தால் இரட்டிப்பு மணம் வேண்டும் என்று பொருள். இரவில் பிடிபடுவதைவிடப் பதினாறு மடங்கு பன்னீர் இருந்தால்தான் என் 3 மணி மூக்குக்குத் தெரிகிறது. அடுப்புப் புகையும் இல்லை, தாளிப்பு வாசனையும் இல்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இந்தக் கதி. தூக்கக் கலக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கும், அதை மறுக்கவில்லை.

இரண்டு ராத்திரி முழித்தால் மூக்கு பழகிவிடாதா என்று அக்கா மகளிடம் கேட்டேன். பழகாதாம். உடம்புக் கடிகாரம் நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் என்ற பேராசிரியர், நேரம் எதுவும் தெரியாத தனி அறையில் ஆட்களைத் தங்கவைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார். வெயில் தெரியாவிட்டாலும் உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு கல்யாண ராத்திரிக்காக அது நம் பேச்சைக் கேட்காது.

ஆகவே நான் வேலையைத்தான் நகர்த்தினேன். புளிக்காய்ச்சல், ரசப்பொடி, கொத்சுக்கு வறுத்து அரைப்பது, மூக்கைக் கேட்டு முடிவு செய்யும் எல்லாமே முதல் நாள் இரவு 7 முதல் 10 மணிக்குள். புளிக்காய்ச்சல் ராத்திரி ஊறினால் நல்லதுதானே. சாம்பாரையும் பொங்கலையும் முன்கூட்டிச் செய்ய முடியாது. அவற்றுக்குப் பெருங்காயம், மிளகு, சீரகம் எல்லாவற்றையும் மாலையிலேயே தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டி, பேர் எழுதி வைத்துவிடுவேன். 3 மணிக்குப் பொட்டலத்தைப் பிரித்துப் போடுவதோடு சரி. முகர்ந்து பார்த்து மேற்கொண்டு போடக் கூடாது என்று பையன்களுக்கும் உத்தரவு, எனக்கும் உத்தரவு. டப்பாச் சாவியை உக்கிராணக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

எண்ணெய் காயும் வேலையிலும் ஒரு எச்சரிக்கை. வலியும் நேரத்துக்கு ஏற்றபடி கூடிக் குறையுமாம், ஆனால் மூக்குக்கு நேர்மாறாக. பிரான்ஸில் லியோன் நகரத்தில் 12 பேருக்குத் தோலில் சூடு காட்டிப் பார்த்ததில், பின்னிரவு 3 மணி வாக்கில் வலி அதிகமாகத் தெரிந்திருக்கிறது, பிற்பகல் 3 மணி வாக்கில் குறைவாக. கொப்பரையிலிருந்து தெறிக்கும் அதே துளி ராத்திரியில் ஏன் இப்படிச் சுடுகிறது என்று நான் பலமுறை திட்டியிருக்கிறேன். வடை போடுகிற பையனுக்கு இப்போது முழுக்கைச் சட்டை.

கடைசியாக, பன்னீர் பாட்டில்களை எவ்வளவு கழுவினாலும் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஒன்றில் எங்கள் வீட்டு நல்லெண்ணெய் போய்விட்டது. நாலு நாள் இட்லிப்பொடி ரோஜா மணத்தது.