சக்கரத்தில் புதுச் சத்தமா? பேரிங் வாங்கப் போவதற்கு முன்னால்

பழைய ஜீப்பில் சத்தம் வராத இடம் என்று எதுவும் கிடையாது. கதவு ஆடும், பட்டை ஸ்பிரிங் முனகும், கியர் பெட்டி பாடும். போடி, கம்பம் பக்கத்திலிருந்து மலைக்கு ஏறி இறங்குகிறவர்கள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதில் தப்பும் இல்லை. ஆனால் நேற்று வரை இல்லாத ஒரு சத்தம் சக்கரத்துப் பக்கமிருந்து வர ஆரம்பித்தால் அதை விடக் கூடாது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் போய்வருகிற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "பேரிங் போச்சு". பேரிங் என்பது சக்கரம் உராயாமல் சுற்ற உதவும், உருளைகள் உள்ள வளையம். பாதி நேரம் கோளாறு அதில் இருப்பதில்லை. புது பேரிங் போட்டு, கிரீஸ் போட்டு, கூலியும் கொடுத்துவிட்டு மலையடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் அதே சத்தம் திரும்பக் கேட்கிற கதை இந்தப் பக்கம் நிறைய உண்டு. சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. எதைச் செய்தால் அது மாறுகிறது, சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எத்தனை தடவை வருகிறது, இந்த இரண்டையும் பாருங்கள். இங்கே சொல்வது மஹிந்திராவின் பழைய சிஜே, எம்எம் 540, மேஜர் மாதிரி பட்டை ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும் உள்ள வண்டிகளை மனதில் வைத்து. முன்னால் டிஸ்க் இருந்தாலும் வழி கிட்டத்தட்ட இதேதான்.

ஜாக்கியைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம். விலிஸ் என்ற அமெரிக்க கம்பெனியின் ஜீப் வழி வந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் பெட்டி) பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் (அங்கிருந்து ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் தண்டு) பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) வழியாக அந்தச் சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கிற மற்றது தாராளமாக உருளும். அப்போது ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் ஒன்றுதான், கியரில் விட்டிருந்தாலும் ஒன்றுதான். சரிவில் இப்படி நழுவிய வண்டிக்கு அடியில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சமதளம் பார்த்து நிறுத்துங்கள், தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி கீழே போகாதீர்கள்.

சரி, காசு செலவில்லாத வேலையை முதலில் முடிப்போம். டயர் பட்டனுக்குள் (டயரின் மேல் கட்டிகளுக்கு இடையில்) கல் சிக்கியிருக்கிறதா பாருங்கள், டக் டக் என்று வரும் சத்தத்தில் கணிசமான பங்கு அதுதான். ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள், அது சத்தத்தோடு நடுக்கத்தையும் கொடுக்கும். சக்கர நட்டுகளை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். சில பழைய வண்டிகளில் இடது பக்க நட்டுகள் இடம்புரி மரையாக இருக்கும், தெரியாமல் பலத்தைக் காட்டினால் ஸ்டட் முறிந்துவிடும். டிரம்முக்குப் பின்னால் இருக்கிற தகடு வளைந்து உரசுகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை நடை வேகத்தில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கூடவே நடந்து பார்க்க வேண்டும். கோடு ஒரு தடவை கீழே வருவதற்குள் சத்தமும் ஒரு தடவை வந்தால் கோளாறு சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது: டயர், டிரம், ஹப் (சக்கரம் பூட்டப்படுகிற நடுப்பாகம்), நட், இல்லையென்றால் முன் ஆக்சில் ஷாஃப்டின் கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற விடும் சிலுவை மூட்டு). ஒரு சுற்றுக்குள் நாலைந்து தடவைக்கு மேல் வந்தால் சக்கரத்தை விட்டுவிட்டு புரொப்பல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். பழைய சிஜே-3பி வகையில் கிரவுன் பினியன் (ஷாஃப்டின் சுற்றை ஆக்சிலுக்கு மாற்றும் பல்சக்கர ஜோடி) விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்றினால் ஷாஃப்ட் ஐந்து தடவைக்கு மேல் சுற்றும். மற்ற மாடல்களில் விகிதம் மாறும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஷாஃப்டிலும் ஒரு கோடு போட்டு, நியூட்ரலில் வண்டியைச் சக்கரத்தின் ஒரு முழுச் சுற்றுக்குத் தள்ளி எண்ணிக்கொள்ளலாம். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும், அதனால் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஒன்றேகால் சுற்று. இந்த வேகத்தில் காதாலேயே எண்ணிவிட முடியும். எண்ணவே முடியாமல் தூரத்து மாவு மில் மாதிரி ஒரே உறுமலாகக் கேட்டால் அப்போதுதான் பேரிங் அல்லது டயர் மேல் சந்தேகம் வர வேண்டும்.

இரண்டில் எது? போடியிலிருந்து தேனி போகிற ரோடு மாதிரி நேரான, சமமான ரோட்டில் 40, 50 வேகத்தில் காலி வண்டியை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பான புதுத் தாரில் சத்தம் குறைந்து பழைய சொரசொரப்பான தாரில் கூடினால் டயர். பேரிங்குக்கு ரோடு எப்படி இருந்தாலும் ஒன்றுதான். டயர்மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழுக்கி, எதிர்த்திசையில் தடவினால் பல் மாதிரி தட்டுப்பட்டால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. முன் டயரைப் பின்னால் மாற்றுங்கள், சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் கேஸ் முடிந்தது. மட் டயர் போட்டவர்கள் இந்த உறுமலோடு குடும்பம் நடத்தத்தான் வேண்டும்.

அதே ரோட்டில், முன்னும் பின்னும் வண்டி வராதபோது ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதுமாக ஆட்டுங்கள். இடது பக்கம் திருப்பும்போது பாரம் வலது சக்கரத்தில் இறங்கும், அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். எப்போதும் அப்படி அமையாது, ஆனால் எந்தப் பக்கத்தை முதலில் தூக்குவது என்று முடிவெடுக்க இது போதும். ஆக்சிலேட்டரை விட்டு நியூட்ரலில் உருட்டியும் பாருங்கள், இதைச் சமதளத்தில் மட்டும், மலை இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். நியூட்ரலிலும் அதே சத்தம் இருந்தால் சக்கரம், டயர் பக்கம். மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் வேறு மாதிரி என்றால் கிரவுன் பினியன் அல்லது கிராஸ் பக்கம்.

மலை ரோட்டில் காதை நம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பாறைப் பக்கத்துச் சக்கரத்தின் சத்தம் எதிரொலித்துப் பெரிதாகக் கேட்கும், பள்ளத்துப் பக்கத்தின் சத்தம் காற்றோடு போய்விடும். ஏறும்போது இடது சக்கரம் என்று சத்தியம் செய்தவர் இறங்கும்போது வலது என்பார். அது பாறையின் வேலை.

பிரேக்கை ஓடும்போதே லேசாகத் தொட்டுப் பாருங்கள். மிதித்ததும் கர்ரென்று உராய்ந்தால் பிரேக் ஷூவின் லைனர் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டை) தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் டிரம்மைச் சுரண்டுகிறது. மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால் ஷூவின் ஸ்பிரிங் விட்டுப்போயிருக்கலாம், தளர்ந்த பேரிங்கும் இப்படி அடங்குவது உண்டு. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் ஓடை இறங்கி வந்த வண்டிக்கு டிரம்முக்குள் மணல் போயிருக்கும், கழற்றிக் கழுவினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

ஃபோர் வீல் லீவரையும் ஹப்பையும் மறந்துவிடாதீர்கள். கொழுக்குமலைக்கு சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக முடியும் (எஸ்டேட் இருப்பது தமிழ்நாட்டில், வழி இருப்பது கேரளாவில், அது தனி வேடிக்கை). அந்தப் பாதையில் போட்ட ஃபோர் வீலை எடுக்க மறந்து தாரில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும், இந்த வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, அதனால் ஸ்டியரிங் கனத்து, டயர் கீச்சிட்டு, எங்கிருந்தோ டங்கென்று ஒரு அடி கேட்கும். அது கோளாறு இல்லை, லீவரை எடுத்தால் போதும். முழுவதும் திருப்பும்போது மட்டும் கிளிக் கிளிக் என்று வந்தால் முன் ஆக்சிலின் கிராஸ். ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடக்கூடிய ஹப்) உள்ள வண்டியில் இரண்டு பக்கமும் ஹப்பை விடுவித்து ஓட்டுங்கள், சத்தம் போய்விட்டால் கோளாறு ஆக்சில் ஷாஃப்டுக்குள், பேரிங்கில் இல்லை. ஒரு ஹப் லாக், ஒரு ஹப் ஃப்ரீ என்று பாதியில் விட்டுவைத்தாலும் கடகடவென்று வரும்.

இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் ஜாக்கி. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் போட்டதும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் திரும்புகிற அச்சு). இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங் மாற்றுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விட எனக்கு மனம் வராது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் பால் ஜாயின்ட்டுகளையும் சந்தேகப்படுங்கள். அடுத்து ஒரு கையை ஸ்பிரிங் பட்டைமேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். போன பேரிங்கின் சொரசொரப்பு காதுக்குக் கேட்பதற்கு முன் கைக்குத் தெரிந்துவிடும்.

கழற்றினால் கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா பாருங்கள், அப்படியென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். உருளைகளில் குழி, நீலம் பாரித்த நிறம், கப்பில் (பேரிங்கின் வெளி வளையம்) வரிவரியாகத் தடம், இதில் எது இருந்தாலும் கப்பும் கோனும் (உருளைகளோடு உள்ள உள் வளையம்) ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், பழைய கப்பில் புதுக் கோன் போடுவது காசைக் கரியாக்குவது. பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு வீல் பேரிங் கிரீஸை உருளைகளுக்கு இடையில் புகுகிற மாதிரி அழுத்தி நிரப்புங்கள். முன் ஹப்பில் நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, சக்கரம் இறுகுகிற வரை முறுக்கிவிட்டு ஆறில் ஒரு சுற்று, அதாவது அறுகோண நட்டின் ஒரு பக்கம் அளவுக்குத் தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. பிறகு லாக் வாஷர், லாக் நட், வாஷரை மடக்கி விடுவது. டைட்டாக வைத்தால் நல்லது என்று நினைத்து இறுக்கிய பேரிங்தான் சீக்கிரம் வெந்துபோகும்.

பின் சக்கரத்தில் உறுமல் இல்லாமல், முன்னால் எடுக்கும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் டக்கென்று ஒரே ஒரு அடி மட்டும் விழுந்தால் முதலில் கிராஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ஹப்பின் நடு நட். பழைய ஆக்சில்களில் ஹப் கூம்பு வடிவ ஷாஃப்டில் சாவி (இரண்டையும் பூட்டிப் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு) வைத்து உட்கார்ந்திருக்கும். நட் தளர்ந்தால் சாவி அடிபட்டு, ஒருநாள் ஹப்போடு சக்கரம் கழன்று முன்னால் ஓடும். இந்தச் சத்தத்தோடும், மேலே சொன்ன ஆட்டத்தோடும் வண்டியை மலை இறக்காதீர்கள், மேலேயே மெக்கானிக்கை வரவழைப்பது மலிவு. காய்ந்த கிராஸின் கீச் சத்தம், டயர் உறுமல் என்றால் மெதுவாகக் கீழே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் சமதளத்தில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி, புறங்கையை நான்கு ஹப்பிலும் வைத்துப் பாருங்கள். மலை இறங்கிய கையோடு பார்த்தால் எல்லா டிரம்மும் கொதிக்கும், ஒன்றும் தெரியாது. இடது வலது இரண்டும் ஒரே சூடாக இருக்க வேண்டும், ஒன்று மட்டும் கையைச் சுட்டால் பேரிங் டைட், அல்லது ஷூ உரசுகிறது. சக்கர நட்டுகளை மறுநாள் ஒரு தடவை திரும்ப முறுக்கிவிடுங்கள், கழற்றி மாட்டிய நட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் இளகும்.