சாரல் நேரத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்: பெரிய மினியேச்சரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியே காற்று வர ஆரம்பித்துவிடும். அதோடு சாரலும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். மாடியில் ஸ்ப்ரே டப்பாவோடு நிற்கிறவனுக்கு அது சோதனை. துண்டுகளாக வாங்கி ஒட்டி, பெயிண்ட் அடித்து, மேசைப் போர் விளையாட்டில் நிறுத்தும் பொம்மைதான் மினியேச்சர். என் முதல் பெரிய மினியேச்சருக்கு ஒரு ஜூலை மாதத்தில்தான் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய கவசத்தின் மேல் கோலமாவு தூவினாற்போல ஒரு வெண்மை.

கீழ்வீட்டில் கதவுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் அண்ணாச்சி ஏறி வந்து பார்த்தார். "தம்பி, சாரல்ல அடிச்சா பூத்துரும்லா? நாங்க கதவுக்கே இந்த மாசத்துல பாலிஷ் போடமாட்டோம்" என்றார். நான் பார்த்திருந்த வீடியோ எதிலும் இந்த விஷயம் இல்லை.

பூப்பதற்குக் காரணம் எளிது. டப்பாவிலிருந்து சீறி வரும் வாயுவும் கரைப்பானும் சட்டென ஆவியாகும்போது பூச்சு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, காயும் பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனால் ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரேயைத் தொடுவதில்லை. அவசரமென்றால் பிரஷ்ஷால் பூசும் பிரைமர் இருக்கிறது. நேரம் எடுக்கும், ஆனால் பூக்காது. பங்குனி வெயிலில் இதற்கு நேர்மாறான சிக்கல்: தூரத்திலிருந்து அடித்தால் பெயிண்ட் வழியிலேயே காய்ந்து மணல் மணலாக ஒட்டும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் சரியாக இருக்கும்.

சரி, பிரைமருக்கு முந்தைய கட்டத்துக்கு வருவோம். பெரிய தவறுகளெல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

நான் ஆடும் வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டு 1987இல் வந்தது. அதன் சாதாரணக் காலாள் வீரன் கட்டைவிரல் உயரம்தான். முழுக்க ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தாலும் குற்றமில்லை. 2014இல் பிளாஸ்டிக் கிட்டாக வந்த இம்பீரியல் நைட் போன்ற ராட்சத இயந்திரம் வேறு ஜாதி. அது நிற்கும் நீள்வட்ட அடித்தட்டே (பேஸ்) 170க்கு 109 மில்லிமீட்டர். உள்ளே குழாய்களும் பிஸ்டன்களுமாக ஓர் எலும்புக்கூடு, அதன்மேல் கவசத் தகடுகள். சின்ன வீரனை ஒட்டிய பழக்கத்தில் இதையும் ஒரே ராத்திரியில் ஒட்டி முடித்தால், மறுநாள் தோள் கவசத்துக்கு அடியில் பிரஷ் நுழையாது. நைட்டில் அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான். நானும் செய்தேன்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாத் துண்டுகளையும் தனித்தனியாகவே வைத்துப் பெயிண்ட் அடிக்கிறவர்களும் உண்டு. அது எதிர்ப்பக்கத்துத் தவறு. இரண்டு பாதிகள் சேர்ந்து ஒரே உருளையாகும் துப்பாக்கிக் குழலைப் பெயிண்ட் அடித்த பிறகு ஒட்டினால், நடுக்கோட்டை மறைக்க வழியே இல்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது: கோடு தெரியக் கூடாத இடம் என்றால் முதலில் ஒட்டி, தேய்த்து, நிரப்பிவிட வேண்டும். நிஜ இயந்திரத்திலும் தகடு தனியாக இருக்கும் இடம் என்றால் கழற்றி வைக்கலாம். நைட்டில் கால்களும் இடுப்பும் ஒரு தொகுதி, உடல் ஒன்று, கைகள், தலை, கவசங்கள் தனி. அதற்கு மேல் பிரிக்கத் தேவையில்லை.

பிரித்து வைத்த துண்டுகளில் பின்னால் ஒட்டப்போகும் பரப்பை மாஸ்கிங் டேப்பால் மூட மறந்துவிடுகிறோம். பிளாஸ்டிக் சிமெண்ட் என்பது உண்மையில் பசையே அல்ல. அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்குகிறது. நடுவில் பெயிண்ட் இருந்தால் அதற்குக் கரைக்க ஒன்றும் கிடைக்காது. ஒட்டியதுபோல நின்றுவிட்டு ஒரு வாரத்தில் கை கழன்று விழும்.

பெட்டிக்கடைச் சரத்தில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஃபெவிக்விக் தொங்குவதால் நாம் எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கிறோம். ரெசினுக்கும் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) உலோகத்துக்கும் அந்த வகைப் பசைதான் சரி. ஆனால் பிளாஸ்டிக்கில் அதன் பிடி மொறுமொறுப்பானது. நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் ஓர் இடி பட்டால் பட்டென்று விட்டுவிடும். இன்னொன்று, அந்தப் பசை இறுகுவதே ஈரத்தால்தான். சாரல் நாளில் சீக்கிரம் பிடிக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். இணைப்பைச் சுற்றி வெள்ளைப் புகைபோலப் படிவதும் அப்போதுதான் அதிகம். கண்ணாடிபோன்ற துண்டுகளின் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

கனமான ரெசின் கையையோ நீண்ட வாளையோ பசையை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். கைத்துளைப்பானில் 1 மில்லிமீட்டர் பிட் போட்டு இரண்டு பக்கமும் துளைத்து, நடுவே பித்தளைக் கம்பியோ ஜெம் கிளிப்பை வெட்டிய துண்டோ கொடுங்கள். இரண்டு துளைகளும் நேர்க்கோட்டில் அமையாமல் நான் மூன்று முறை துளைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சொட்டு பெயிண்ட் வைத்து மறுபக்கத்தை அழுத்தினால் எங்கே துளைக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ரெசின் என்றால், பெயிண்டுக்கு முன்னால் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்; அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு மேலே இருக்கும். ரெசினைத் தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

ஒற்றைக் காலைத் தூக்கி ஓடுவதுபோல நிறுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒட்டுவதற்கு முன் புளூடேக் (ஒட்டிப் பிரிக்கக்கூடிய களிமண் போன்ற பசை) வைத்து, கைகளும் ஆயுதங்களும் உட்பட முழு உருவத்தையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். என்னுடையது கையில்லாமல் கம்பீரமாக நின்றது. பீரங்கியை மாட்டியதும் குப்புற விழுந்தது. பேஸுக்கு அடியில் இரும்பு வாஷர்களை எம்-சீல் வைத்து ஒட்டிச் சமாளித்தேன். (எம்-சீல் அடிப்பக்கத்துக்குத்தான் லாயக்கு. மெல்லிய இடைவெளிகளுக்கு, துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்ப்ரூ சட்டத்தை நறுக்கி பிளாஸ்டிக் சிமெண்டில் ஊறவைத்த குழம்பு நன்றாக வேலை செய்யும்.)

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக்கோடுகளைப் பற்றி ஒரே வரி: சின்ன வீரனில் கண்ணுக்குத் தப்பும் கோடு, உள்ளங்கை அகலத் தகட்டில் தழும்பாகத் தெரியும், பிளேடின் முதுகால் சுரண்டிவிடுங்கள்.

பெயிண்டில் முக்கியமான தவறு கலவைக் கணக்கு. இரண்டு நிறங்களைத் தட்டில் கலந்து ஒரு தோளை முடிப்போம். அடுத்த தோளுக்குப் போதாது. மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. சேலை எடுத்த பிறகு அதே சாயத்தில் ரவிக்கைத் துணி தேடி ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாக ஏறி இறங்கும் கதைதான். முழு உருவத்துக்கும் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, காலி ஹோமியோபதி மருந்துக் குப்பியில் ஊற்றி மூடிவையுங்கள். பின்னால் உரசல் சரிசெய்யவும் அது உதவும்.

அடுத்தது நிழல் மை, அதாவது பள்ளங்களில் நிழல் காட்டத் தடவும் நீர்த்த பெயிண்ட். சின்ன வீரனுக்கு முழுக்கத் தடவினால் அழகாகப் பள்ளங்களில் இறங்கும். பெரிய தட்டையான தகட்டில் அது இறங்க இடமில்லாமல் தேங்கி, டீ டம்ளர் வைத்த மேசைபோல வளையக் கறையாகக் காயும். தகடுகளின் ஓரத்திலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் விடுங்கள். அதற்குமுன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் மை கோடு பிடித்து ஓடும். சின்னங்களுக்கான டிரான்ஸ்ஃபரை (மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டவும் அந்தப் பூச்சு வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி ஓரமெல்லாம் வெள்ளியாய் மின்னும்.

கடைசியாக மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். முதலில் சொன்ன சாரல் கதை இங்கே இன்னும் கொடூரமாக நடக்கும். பிரைமர் பூத்தால் ஒரு நாள் வேலை போகும்; வார்னிஷ் பூத்தால் மூன்று மாத வேலை போகும். காய்ந்த நாளில் மேலே பளபளப்பு வார்னிஷ் பூசினால் சில சமயம் வெண்மை மறைகிறது. சில சமயம்தான். மழைமாதங்களில் நான் வார்னிஷைப் பிரஷ்ஷால்தான் பூசுகிறேன்.

அப்புறம் எடுத்துச் செல்வது. விளையாட்டுக்கு நான் கொல்லம் ரயிலில் ஏறிப் புனலூர் போவேன். முதல் முறை நைட்டைப் பஞ்சில் சுற்றி எடுத்துப் போனேன். பதின்மூன்று கண் பாலம் தாண்டுவதற்குள் பஞ்சு நார் ஆன்டெனாவில் சிக்கி அது முறிந்துவிட்டது. இப்போது கைகளில் காந்தம் வைத்துக் கழற்றி மாட்டுகிறேன். பேஸுக்கு அடியிலும் காந்தம், டிபன் கேரியர் மாதிரி ஒரு தகரப் பெட்டி. காந்தத்தை ஒட்டுவதற்கு முன் இழுக்கும் பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வைக்க மறக்காதீர்கள். என் நைட்டின் வலது கை இன்னும் தோளைக் கண்டால் விலகி ஓடுகிறது. "இவனுக்கு உடம்போடு பிணக்கம்" என்று புனலூர் சேட்டன் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார்.