குருவிக் கூடு இருக்கிற வீட்டில் வாசனை அடிக்கும்போது நாங்கள் விடுகிற பிழைகள்

போன மாரியில் மூன்று நாள் விடாமல் மழை. அக்கா வீட்டு விறாந்தையில் தொங்கிய கூட்டை உள்ளே எடுத்து வைத்தோம். அதில் இரண்டு லவ்பேர்ட்ஸ். பச்சையிலும் மஞ்சளிலும் விற்கிற அந்தச் சின்னக் கிளிகளைத்தான் இங்கே எல்லாரும் அப்படிச் சொல்கிறோம், சரியான பெயர் பஜரிகார். யன்னல் எல்லாம் பூட்டு, காயாத உடுப்பு வேறு அறைக்குள் கொடியில். இரண்டாம் நாளே வீடு மணக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த நாள் ஆட்கள் வருகிறார்கள் என்று நான்தான் எயார் பிரெஷ்னரை எடுத்து நாலு மூலைக்கும் அடித்தேன். குருவிகள் மேல் படக்கூடாதென்று கூட்டை ஒரு பெட்ஷீட்டால் மூடினேன். பின்னேரம் வழக்கம்போல நுளம்புத்திரியும் கொளுத்தியாயிற்று.

விடியப் பார்த்தால் ஒன்று கூட்டுத் தட்டில் செத்துக் கிடந்தது. மற்றது இறகைப் பொம்மென்று ஊதிக்கொண்டு கம்பில் குந்தியிருந்தது. "சித்தி, இது ஏன் வாலை ஆட்டிக்கொண்டே இருக்குது?" என்று பெறாமகள் கேட்டாள். மூச்சு விடக் கஷ்டப்படுகிற குருவிதான் அப்படி ஒவ்வொரு மூச்சுக்கும் வாலை மேலும் கீழும் ஆட்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஸ்பிரேயா, திரியா, இரண்டும் சேர்ந்தா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று நான் செய்தவை எல்லாமே பிழை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ வீடுகளில் இப்போது கூடு தொங்குகிறது. அந்த வீடுகளிலும் இதே பிழைகளைக் காண்கிறேன்.

முதலில் குருவியின் மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நெஞ்சுக்குள் காற்று போன வழியாலேயே திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படியில்லை. பெரும்பாலான பறவைகளுக்கு நுரையீரலோடு 9 காற்றுப்பைகள் இருக்கின்றன. காற்று ஒரே திசையில் ஓடுவதால் மூச்சை உள்ளே எடுக்கும்போதும் வெளியே விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக்காற்று கிடைக்கிறது. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையில் இருக்கிற சவ்வும் எங்களுடையதைவிட மெல்லியது. பறப்பதற்கென்று அமைந்த இந்த உடம்பு நல்ல காற்றை எவ்வளவு வேகமாக இழுக்குமோ, நஞ்சையும் அவ்வளவு வேகமாக இழுக்கும். ஒரு பஜரிகார் 30 முதல் 40 கிராம் நிறைதான். எங்களுக்குத் தும்மல்கூட வராத அளவு அதற்குப் போதும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை அறியக் கனாரிக் குருவிகளைக் கொண்டு போனதும் இதனால்தான். 1986இல்தான் அதைக் கைவிடத் தீர்மானித்தார்கள்.

இப்போது அந்த பெட்ஷீட்டுக்கு வருவோம். துணி தூசியை ஓரளவு தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. உள்ளே போன ஆவி சுலபமாக வெளியேறவும் விடாது. ஸ்பிரே ரின்னில் வாசனை மட்டும் இல்லை, அதைத் தள்ளிவிடுகிற பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்களும் இருக்கின்றன. மின்சாரத்தில் செருகி வைக்கிற வாசனைத் திரவமும் மலசலகூடத்தில் தொங்கவிடுகிற வாசனைக் கட்டியும் சத்தமில்லாமல் இரவு பகலாக ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். அரை மணித்தியாலத்தில் எங்கள் மூக்குக்குப் பழகிவிடுவதால் அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

"நான் ஸ்பிரே அடிப்பதில்லை, சாம்பிராணி மட்டும்தான்" என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். இந்த நிம்மதிதான் எனக்கு ஆகப் பெரிய கவலை. கிளிநொச்சி என்ற பெயரிலேயே கிளியும் இருக்கிறது, நொச்சியும் இருக்கிறது. நொச்சி இலையையும் வேப்பிலையையும் தணலில் போட்டு நுளம்புக்குப் புகைப்பது எங்கள் அம்மம்மா காலத்து வழக்கம். அது மூலிகைதான். ஆனால் எரிந்தால் எதுவும் புகைதான். நுண்ணிய துகளும் கார்பன் மொனொக்சைட்டும் எந்த இலை என்று பார்த்து வருவதில்லை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம், கறுவாவோ எலுமிச்சையோ மணக்கிற எண்ணெயைச் சூடாக்குவது, எல்லாம் இதற்குள் அடங்கும். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்பிட முதல் கூட்டை முற்றத்துக்குக் கொண்டு போங்கள், புகை முழுதாக அடங்கிய பிறகு திரும்ப எடுங்கள்.

அடுத்த அறையில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். எங்கள் வீடுகளைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். சீலிங் அடிக்காத வீடுதான் அதிகம். அறைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. குசினியில் கருகிய மிளகாய்க்கு முன்னறையில் இருக்கிறவர் இருமுவது எப்படி? அதே வழியால்தான் புகை கூட்டுக்கும் வருகிறது.

நுளம்புத்திரியை நிறுத்தச் சொன்னால் டெங்குக் காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனால் திரிக்குப் பதிலாக ஆட்கள் நுளம்பு வலைக்குள் படுப்பது ஒரு வழி. கூட்டுக்கும் ஒரு பழைய வலையைப் போடலாம், ஆனால் குருவியின் சொண்டு எட்டாத தூரத்தில் நாலு தடி நட்டுக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடித்து நூலை விழுங்கிவிடும். மழைத் தண்ணீர் தேங்கிய சிரட்டையையும் ரயரையும் கவிழ்த்து விடுவது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

குசினியில் ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒட்டாத தாச்சி, அதாவது நொன்ஸ்டிக், இப்போது எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெறுந்தாச்சியை அடுப்பில் மறந்துவிட்டால் சில நிமிடங்களிலேயே அதன் பூச்சு 260 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாகலாம். அதற்கு மேல் சூடேறச் சூடேறப் பூச்சு சிதைந்து வருகிற வாயு பறவையை மிகக் குறுகிய நேரத்தில் கொன்றுவிடும். கூடு வீட்டுக்குள் இருந்தால் இரும்புத் தாச்சியோ மண்சட்டியோ போதும்.

சரி, நாற்றத்துக்கு என்ன செய்வது? அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை. தினையும் சாமையும் தின்கிற சின்னக் குருவியின் எச்சம் காய்ந்திருந்தால் அவ்வளவாக மணக்காது. ஈரம் பட்டால்தான் அதில் கிருமி பெருகி அமோனியா கிளம்பும். ஈரத் தீனி புளிக்கும், ஈரத் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணமும் குருவியின் நெஞ்சுக்குக் கூடாது. ஆகவே தட்டில் பழைய பத்திரிகையை விரித்துத் தினமும் மாற்றுங்கள், மாரியில் இரண்டு தரம். தண்ணீர்க் கிண்ணத்தை எச்சம் விழாத இடத்தில் கட்டுங்கள். கொத்திப் போட்ட பழத்தை அன்றே எடுத்துவிடுங்கள். தட்டைச் சுடுதண்ணீரிலும் கொஞ்சம் சவர்க்காரத்திலும் கழுவினால் போதும். மணம் போகாவிட்டால் வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்து, அலசி, வெயிலில் காயவைத்த பிறகு குருவியை விடுங்கள். அறை மூலையில் ஒரு சிரட்டை அடுப்புக்கரியோ, திறந்த கிண்ணத்தில் அப்பச்சோடாவோ வைத்தால் மணத்தை ஓரளவு இழுக்கும், குருவிக்கு எட்டாமல் வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் எச்சம் கடுமையாக மணந்தால் அது வருத்தமாக இருக்கலாம், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் எச்சம் இருக்கிற தட்டில் கொட்டாதீர்கள். எச்சத்தின் அமோனியாவோடு சேர்ந்தாலும் நச்சுவாயு, வினாகிரியோடு சேர்ந்தாலும் நச்சுவாயு. அது ஆட்களுக்கும் ஆபத்து.

இவ்வளவு கவனித்தும் வாய் திறந்து மூச்சு விடுவதையோ வாலாட்டத்தையோ குரல் மாறியதையோ கண்டால் காத்திருக்க வேண்டாம். பறவை வருத்தத்தை மறைக்கிற சீவன், எங்களுக்குத் தெரிகிறபோதே பிந்தியிருக்கும். உடனே திறந்த வெளிக்குக் கொண்டு போங்கள், குளிர் காற்று நேரே அடிக்காமல் பாருங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அப்புறம் வைத்தியரைத் தேடுங்கள். எங்கள் மற்றக் குருவியை அன்று மழை விட்ட நேரமாகப் பார்த்து விறாந்தைக்குக் கொண்டு போனோம். மத்தியானம் போல வாலாட்டம் குறைந்தது. அது இன்னும் இருக்கிறது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறவர்கள் கூட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். சுவர் காய்ந்தால் போதாது, யன்னலைத் திறந்து விட்டு மணம் முழுதாகப் போன பிறகுதான் திருப்பி எடுக்க வேண்டும். இந்த முறை அக்கா வீட்டுக் குருவி ஒரு கிழமை எங்கள் விறாந்தையில்தான் இருக்கும்.