ஷிப்டு வேலைப் பெண்களைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எப்படி?

மலேசிய அரசு மருந்தகமான கிளினிக் கெசிஹாத்தானில் பேப் ஸ்மியருக்கு, அதாவது கருப்பை வாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, கட்டணம் இல்லை. ஆனால் பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கும் அக்காவுக்கு அது இலவசம் இல்லை. கிளினிக் திறந்திருப்பது வேலை நாளில், பகலில். அன்று பரிசோதனைக்குப் போனால் பெரும்பாலும் எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சீட்டு தரமாட்டார்கள், வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்தான். நாள் சம்பளமும் போகும், முழு வருகை அலவன்சும் போகும். ஆகவே நோயைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அவருடைய ஷிப்டு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வார நாளில் வரும் ஓய்வு நாளாகப் பார்த்துத் தேதி எடுங்கள். இரவு ஷிப்டு முடிந்த காலையில் இழுத்துப்போனால் வரிசையிலேயே தூங்கிவிடுவார்.

அடுத்தது ஐசி, அதாவது அடையாள அட்டை. வயது 40 ஆகி, கணவர் பெயரில் எஸ்டிஆர் எனும் அரசு உதவித்தொகை வந்துகொண்டிருந்தால் மனைவிக்கும் பெக்கா பி40 எனும் இலவச உடல்நலப் பரிசோதனைத் திட்டம் உண்டு. பணம் அவர் கணக்குக்குப் போவதால் தனக்கு ஒன்றுமில்லை என்றே பல பெண்கள் நினைக்கிறார்கள். தனியாகப் பதிய வேண்டாம். திட்டத்தில் சேர்ந்த கிளினிக்கில் ஐசியைக் காட்டினால் போதும். சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டுபவருக்கு 40 வயதுக்கு மேல் வேறொரு இலவசப் பரிசோதனை இருக்கிறது. ஏஜென்ட் வழி வேலை செய்பவர் என்றால் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசிக்குக் கட்டணம் வேறாகலாம். முன்பே கேட்டுத் தொகையைச் சொல்லிவிடுங்கள். கவுண்டரில் காசு போதாமல் திரும்பியவர் மறுபடி வரமாட்டார்.

ஆண் டாக்டர் முன் படுக்கக் கூச்சமா? எச்பிவி என்பது உறவு வழி பரவி, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிருமி. அதன் சோதனைக்கு மாதிரியைத் தானே எடுக்கலாம். 30 முதல் 65 வயதுக்காரர்களுக்கு, மாதவிலக்கு இல்லாத நாளில். கையைக் கழுவி, குச்சியின் நுனியைத் தொடாமல் சுமார் 5 சென்டிமீட்டர் உள்ளே விட்டு, 10 முதல் 30 விநாடி மெதுவாகச் சுற்றி எடுத்துக் குழாயில் போட வேண்டும். கைலி கட்டியிருந்தால் சுலபம். "சரியான இடத்துல பட்டுச்சான்னே தெரியலையே" என்பார்கள். கருப்பை வாயைத் தொட வேண்டியதே இல்லை. நுனி தரையில் விழுந்தால் துடைத்துப் பயன்படுத்தாமல் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) புதியது கேளுங்கள். உறவுக்குப் பின்போ மாதவிலக்கு நின்ற பிறகோ ரத்தம் கண்டவருக்கு இந்தக் குச்சி போதாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு மாதவிலக்கு முடிந்த வாரம் நல்லது, வலி குறையும். அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர் வேண்டாம். படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போல் தெரியும். மேல்சட்டை தனியாக இருக்கட்டும். மார்பில் கட்டி தட்டுப்பட்டவர் மேமோகிராம் முறைக்காகக் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்கட்டும். "நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்றால், 2007–2011 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்கைச் சொல்லுங்கள்: மார்பகப் புற்றுநோய்க்கான வாழ்நாள் அபாயம் இந்தியப் பெண்களில் 24 பேருக்கு ஒருவர், மலாய்ப் பெண்களில் 35 பேருக்கு ஒருவர்.

பெரும்பாலும் கோட்டை விடுவது முடிவு வரும் கட்டத்தில்தான். பிரீபெய்ட் நம்பர் மாறியிருக்கும். அல்லது மலாய்க் குறுஞ்செய்தி மகன் போனுக்குப் போயிருக்கும். பாரத்தில் இரண்டு நம்பர் எழுதுங்கள், ஐசி எண்ணை லேபிளோடு ஒப்பிடுங்கள். எச்பிவி பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் அல்ல என்பதை மாதிரி எடுக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். கிருமி பல வருடம் உடம்பில் அடங்கிக் கிடக்கலாம், ஆகவே அதை வைத்து யாருடைய நடத்தையையும் எடை போட முடியாது. இதைக் கணவர் காதிலும் போட்டுவையுங்கள். எச்பிவி 16, 18 வகை என்றால் நேரே கால்போஸ்கோபி, அதாவது கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை; மற்ற வகைக்கு முதலில் பேப் ஸ்மியர். அந்தத் தேதி கைக்கு வந்ததும் ஷிப்டு அட்டவணையை மறுபடி எடுங்கள்.