கால்சியம் ரியாக்டர் ஓடுகிறது, ஆனாலும் ஆல்கலினிட்டி இறங்குகிறது: எங்கே பார்ப்பது?

பவளத் தொட்டியில் பவளங்கள் எடுத்துக்கொள்ளும் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரின் காரத்தன்மை) ஈடுகட்டுவது கால்சியம் ரியாக்டர்; கார்பன் டைஆக்சைடு கலந்த தண்ணீரால் சுண்ணாம்புத் துண்டுகளைக் கரைக்கும் ஒரு மூடிய அறை அது. குமிழி ஒழுங்காக வருகிறது, சிலிண்டரில் வாயு இருக்கிறது, பம்ப் சத்தம் கேட்கிறது, ஆனாலும் தொட்டியின் ஆல்கலினிட்டி நாளுக்கு நாள் இறங்குகிறதா? உடனே கார்பன் டைஆக்சைடைக் கூட்டிவிடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் வாயுவில் இருக்காது, தண்ணீர் ஓட்டத்தில்தான் இருக்கும்.

ரியாக்டரைப் பொருத்தும் விதத்துக்குள் நான் போகவில்லை. வாயு கரைந்து உள்ளே பிஎச் 6.5 பக்கம் இறங்கும்போது அரகோனைட் மீடியா (உள்ளே நிரப்பும் சுண்ணாம்புத் துண்டுகள்) கரைகிறது, 1 டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அலகு) ஆல்கலினிட்டிக்குச் சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 7 பங்கு) கால்சியம் வீதம் இரண்டும் சேர்ந்தே வெளியே வருகின்றன. இது நினைவில் இருந்தால் போதும்.

படி 1: ரியாக்டர்தான் காரணமா?

ஆல்கலினிட்டி, கால்சியம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் ரியாக்டரைச் சந்தேகப்படலாம். ஆல்கலினிட்டி 8இல் அசையாமல் நிற்க, கால்சியம் மட்டும் 360க்குப் போயிருந்தால் ரியாக்டரைத் தொடவே தேவையில்லை. கால்சியம் குளோரைடு கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஏற்றிவிடுங்கள். மெக்னீசியத்தையும் பாருங்கள். 1250 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு ஹீட்டரிலும் பம்பிலும் போய்ப் படியத் தொடங்கும், அதனால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

படி 2: ஓட்டத்தை அளங்கள்

நிறையப் பேர் தாண்டிப் போகிற இடம் இது, என்னை அதிகம் அலைக்கழித்ததும் இதுதான். சொட்டுகளை எண்ணுவதை விட்டுவிடுங்கள், குழாய் முனைக்கு முனை சொட்டின் அளவு மாறும். ஒரு அளவுக் குவளையை வெளியேறும் குழாயின் கீழே வைத்து, போனில் ஐந்து நிமிடம் டைமர் போட்டு, மில்லிலிட்டரில் எழுதி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளங்கள். குறைந்திருந்தால் அடைப்பு இருக்கிறது.

அடைப்பு எங்கே வரும் என்றால், வெளியேறும் பக்கம் ஓட்டத்தைக் குறைக்க வைத்திருக்கிற அந்தச் சின்ன வால்வில்தான். ரியாக்டர் தண்ணீர் காற்றைத் தொட்டதும் கார்பன் டைஆக்சைடு பிரிந்து போகிறது, பிஎச் ஏறுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு அந்தக் குறுகலிலேயே படிகிறது. கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் புதிது போலாகிவிடும், ஆனால் திரும்பவும் அடைக்கும். அதனால் என் பரிந்துரை ஒன்றுதான்: வால்வைத் தூக்கிவிட்டு பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளைகளால் குழாயை அழுத்தித் தண்ணீரைத் தள்ளும் பம்ப்) போடுங்கள். நாள் முழுக்க நிற்காமல் ஓடக்கூடிய ரகமாக இருக்க வேண்டும், மருந்து ஊற்றும் சின்ன டோசிங் பம்ப் இதற்குத் தாங்காது. கமோயர் நிறுவனத்தின் ஸ்டெப்பர் மோட்டார் மாடல் எனக்குப் பிடித்தது. உள்ளே இருக்கும் குழாய் தேய்கிற பொருள், உபரியாக ஒன்று வாங்கி வையுங்கள்.

படி 3: எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

வெளியேறும் தண்ணீரின் ஆல்கலினிட்டியை அளங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஹன்னா நிறுவனத்தின் கையடக்க ஆல்கலினிட்டிக் கருவி 20 டிகேஎச் வரைதான் காட்டும், ரியாக்டர் தண்ணீரோ 30ஐத் தொடலாம். பாதிக்குப் பாதி ஆர்ஓ தண்ணீர் கலந்து அளந்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

இப்போது கணக்கு. மொத்தம் 300 லிட்டர் தண்ணீர், நாளுக்கு 1.5 டிகேஎச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 300ஐ 1.5ஆல் பெருக்கினால் 450. ரியாக்டர் தண்ணீர் 30, தொட்டி 8, வித்தியாசம் 22. 450ஐ 22ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 20.5 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 14 மி.லி. நீங்கள் அளந்தது 6 மி.லி. என்றால் விடை கிடைத்துவிட்டது. ஓட்டத்தைக் கூட்டும்போது ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாற்றம் செய்தால் இரண்டு மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், அக்ரோபோரா வகைப் பவளங்கள் ஏற்ற இறக்கத்தைத் தாங்காமல் நுனி வெளுத்துவிடும்.

படி 4: ஓட்டம் சரி, ஆனால் வெளியே வருவது 12 டிகேஎச்தான்

அப்போதுதான் வாயுப் பக்கம் போக வேண்டும். முதலில் பிஎச் புரோபை (பிஎச் அளக்கும் உணரியை) பிஎச் 7, 4 கரைசல்களில் அளவு திருத்துங்கள். 7, 10 தொட்டிக்கு ஏற்றவை, ரியாக்டருக்கு 7, 4தான். அப்புறம் ரியாக்டர் அறையின் மேல்பகுதியைப் பாருங்கள். அங்கே வாயு தேங்கியிருந்தால் பம்ப் கரகரக்கும், புரோப் தண்ணீரை விட்டு வெளியே நிற்கும். மூடியைத் தளர்த்தி வெளியேற்றுங்கள். உள்ளே வரும் குழாயின் இணைப்பு காற்றை இழுக்கிறதா என்றும் பாருங்கள். வாயுக் குழாய் சிலிக்கானாக இருந்தால் மாற்றிவிடுங்கள், கார்பன் டைஆக்சைடு அதன் சுவர் வழியே கசியும். பாலியூரிதேன் நல்லது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு தெரியும்.

பிஎச்சைப் பார்த்து வாயுவைத் திறந்து மூடும் கட்டுப்படுத்தியை 6.6க்கு வையுங்கள். 6.2 பக்கம் போனால் மீடியா கூழாகி ஓட்டத்தையே அடைத்துவிடும். மீடியா மூன்றில் ஒரு பங்கு கரைந்ததும் நிரப்புங்கள், பெரிய துண்டுகளாக வாங்குங்கள், பொடியைக் கழுவிவிட்டுப் போடுங்கள்.

(தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன, அவற்றின் எலும்புக்கூட்டுத் துண்டுகளும்கூட. சட்டப்படி பவளம் வளர்க்க முடிகிற ஊர்களில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.)

பின்சேர்க்கை: தொட்டியின் பிஎச் இரவில் 7.8க்கு இறங்குகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். ரியாக்டர் தண்ணீரை ஸ்கிம்மர் (காற்றுக் குமிழிகளால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) தண்ணீர் இழுக்கும் இடத்துக்கு அருகில் விடுங்கள், மிச்ச வாயு அங்கே கொஞ்சம் பிரியும். அதுவும் போதாவிட்டால், ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட இரவில் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டவிடலாம்.

இன்னொரு பின்சேர்க்கை: சிலிண்டர் முள் அசையவே இல்லை, பழுதா என்று இன்னொருவர். பழுதில்லை. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது, 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72. ஒரே வெப்பத்தில் முள் இறங்கத் தொடங்கினால் திரவம் தீர்ந்துவிட்டது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள். ஒற்றை நிலை ரெகுலேட்டரில் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) அந்தக் கடைசிக் கட்டத்தில் வாயு திடீரென்று கூடிக் கொட்டலாம், அதனால்தான் இரட்டை நிலை ரெகுலேட்டருக்குக் கூடுதல் காசு கொடுக்கச் சொல்கிறேன். சிலிண்டரை எடை போட்டால் மிச்சம் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.