எக்ஸ்பாக்ஸ் 360க்குப் புது கேமை இறக்கும்போது எங்கெங்கே வெட்டுவது

பிஎஸ்4 காலத்துக் கேமை அதற்கு முந்தைய தலைமுறைக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360க்குக் கொண்டுவர உட்கார்ந்தால், எல்லாரும் முதலில் ரெசல்யூஷனில் கை வைப்பார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் பைட் வரிசை, அடுத்து மெமரி.

360ன் பவர்பிசி சிப், எண்ணின் அதிக மதிப்புள்ள பைட்டை முன்னால் வைக்கும், பிஎஸ்4ல் தலைகீழ். மாற்றாமல் படித்தால், 32 பிட்டில் எழுதிய 1, 1,67,77,216 ஆகிவிடும். இதாவது உடனே கண்ணில் படும். இண்டெக்ஸ் பஃபர்தான் (மாடலின் முக்கோணங்களை எந்தெந்தப் புள்ளிகளால் கட்டுவது என்ற பட்டியல்) ஏமாற்றும். அதிலுள்ள எண்கள் 16 பிட். மொத்தமாக 32 பிட்டாகப் புரட்டினால் ஒவ்வொரு எண்ணும் சரியாகவே இருக்கும். ஆனால் பக்கத்து எண்ணோடு இடம் மாறியிருக்கும். மாடல் கிழிந்து முள்முள்ளாக நிற்கும். எனவே ஒவ்வொரு எண்ணும் எத்தனை பிட் என்று பார்த்துப் புரட்டுங்கள். அதையும் பிசியில் பில்டு செய்யும்போதே முடித்துவிடுங்கள். லோடிங் நேரத்தில் செய்தால் சிபியு திணறும்.

மெமரி மொத்தம் 512 எம்பி. சிபியு, ஜிபியு இரண்டும் அதைத்தான் பங்கு போட வேண்டும். சிஸ்டத்துக்கு 32 எம்பி போய்விடும். பிசி7 (BC7) என்ற சுருக்க முறையில் உள்ள 2048×2048 டெக்ஸ்சர் (மாடல்மேல் ஒட்டும் படம்) ஒன்று மிப்மேப்போடு (அதன் சிறு நகல்களோடு) 5.33 எம்பி. 360க்கு பிசி7 தெரியாது. 1024 அளவில் டிஎக்ஸ்டி1 என்ற பழைய சுருக்க முறைக்கு மாற்றினால் 0.67 எம்பி, எட்டில் ஒரு பங்கு. நார்மல் மேப்பை (மேடுபள்ளத்தைக் காட்டும் டெக்ஸ்சர்) மட்டும் டிஎக்ஸ்டி1ல் போடாதீர்கள், வெளிச்சம் பட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கு டிஎக்ஸ்என் முறையைப் போடுங்கள், 1.33 எம்பி ஆகும். எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்குவதும் தப்பு. முகம், கையிலிருக்கும் துப்பாக்கி, எழுத்துள்ள பலகை ஆகியவற்றை விட்டுவைத்து, தரையிலும் கூரையிலும் வெட்டுங்கள்.

இனி ரெசல்யூஷன். ஜிபியு வரையும் இடம் 10 எம்பி இடிரேம், அந்த 512 எம்பிக்கு வெளியே உள்ள தனி மெமரி. அதை 80×16 பிக்சல் கட்டங்களாகப் பார்க்க வேண்டும். பிக்சலுக்கு 4 பைட் என்றால் மொத்தம் 2048 கட்டம். டெஃபர்ட் லைட்டிங்குக்கு (பொருள்களை முதலில் வரைந்துவிட்டு வெளிச்சத்தைப் பிறகு கணக்கிடும் முறை) நாலு கலர் பஃபர் வைத்திருந்தால் மறந்துவிடுங்கள், இரண்டாகக் குறையுங்கள். இரண்டு கலர், ஒரு டெப்த் (தூரத்தைக் குறிக்கும் பஃபர்): 1280×720க்கு 16×45×3 = 2160 கட்டம். நூற்றுச்சொச்சத்தில் தவறுகிறது! படத்தைத் துண்டாக்கி வரையலாம்தான். ஆனால் துண்டுகளின் எல்லையில் விழும் மாடல்களை இரண்டு முறை வரைய வேண்டிவரும். அதைவிட அகலத்தை 1200 ஆக்குங்கள்: 15×45×3 = 2025, அடங்கிவிட்டது. அகலவாக்கில் மட்டும் இழுத்தால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. உயிர்க் கோடு, தோட்டா எண்ணிக்கை, வசனம் போன்றவற்றை 1280க்குப் பெரிதாக்கிய பிறகே வரையுங்கள். முன்பே வரைந்தால் எழுத்து மங்கும்.

விநாடிக்கு 60 ஃபிரேமை 30 ஆக்கினால் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிசெகண்ட் கிடைக்கும். ஃபிசிக்ஸ் (பொருள்களின் அசைவுக் கணக்கு) ஃபிரேமோடு கட்டப்பட்டிருந்தால் கேமே பாதி வேகத்தில் நகரும். ஒரு ஃபிரேமுக்கு இரண்டு முறை 1/60 விநாடி வீதம் ஓட்டுங்கள். சிபியு நேரம் போதவில்லையென்றால் தூரத்து ஆட்களுக்கு மட்டும் 1/30 விநாடியாக ஒரே முறை ஓட்டலாம்.

டிவிடி லென்ஸ் அங்குமிங்கும் ஓடினால் ஸ்ட்ரீமிங் (ஆடும்போதே டிஸ்கிலிருந்து ஃபைல் ஏற்றுவது) தடைபட்டு, சுவர் திரையில் வருமுன் ஆள் அந்த இடத்துக்குப் போய்விடுவார். ஹார்ட் டிஸ்க் இல்லாத மாடலும் இருப்பதால் இன்ஸ்டாலை நம்ப முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டிய ஃபைலை டிஸ்கில் அடுத்தடுத்து வையுங்கள், ஒரே மரம் ஐந்து இடத்தில் பதிவானாலும் பரவாயில்லை.