படர்தாமரை உள்ள பூனைக்குட்டியை வீட்டுக்கு எடுக்கலாமா?

காது ஓரத்தில் முடி கொட்டி, வட்டமாகச் செதில் தட்டியிருந்தால் பெரும்பாலும் படர்தாமரைதான். சொறியாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். படர்தாமரை பூஞ்சைத் தொற்று. குணமாகும், ஆனால் பல வாரம் மருந்து கொடுக்க வேண்டும். நமக்கும் ஒட்டும்.

வீட்டில் கைக்குழந்தையோ, புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவரோ, வேறு பூனையோ இருந்தால் குணமாகும்வரை தள்ளிப்போடுவதே நல்லது. இல்லையென்றால், கழுவித் துடைக்கக்கூடிய ஒரு தனி அறை இருக்கிறதா என்று பாருங்கள். சோபா, கம்பளம் உள்ள அறை வேண்டவே வேண்டாம். உதிர்ந்த முடியில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அப்புறம், நமக்கு வாங்கிய களிம்பைத் தடவாதீர்கள், பூனை நக்கிவிடும். முடி வளர்ந்துவிட்டதென்று மருந்தையும் நிறுத்தாதீர்கள். அதை மருத்துவர் சொல்லட்டும்.